கம்பெனிக்கும் போகணும், வாய்க்கால் மேட்டிலும் ஓடணும்! 2-வது சைக்கிள் வாங்கப் போறீங்களா?

ஈரோடு,

பெருந்துறை சிப்காட்டில் காலை ஷிப்ட் தொடங்குவதற்கு முன்பு கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் நின்றால், கேரியரில் டிபன் பாக்சை கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும் தொழிலாளர்களை பார்க்கலாம்.

சேலம்-கொச்சி தேசிய நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் லாரியும் பஸ்சும் பறக்கிற 4 வழிச்சாலையில், அதுவும் விடியாத இருட்டில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வீட்டில் விடுவதில்லை. 2 கிலோ மீட்டர் சுத்தினாலும் பரவாயில்லை, உசுரு முக்கியம் என்று மேட்டுப்பாதையில் வருகிறார்கள்.

பவானிசாகர் அணையில் இருந்து புறப்படும் இந்த வாய்க்காலின் நீளம் சுமார் 200 கிலோ மீட்டர். கரைப்பாதை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடையாது. கொஞ்ச தூரம் செம்மண், கொஞ்ச தூரம் ஜல்லி, நடுவில் ஊர் வந்தால் தார் ரோடு. தண்ணீர் திறந்து விட்ட மாதங்களில் கசிவு ஈரம் வேறு. நல்ல ரோட்டுக்கு என்று செய்த சைக்கிள் இங்கே திணறும். காட்டுக்கு என்று செய்த சைக்கிளோ தார் ரோட்டில் காலை உடைக்கும்.

வீட்டில் இருக்கும் முதல் சைக்கிளை பையனோ, பொண்ணோ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் விடுகிறார்கள். 2-வதாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்கு போனால், கலர் கலராக நிற்கும் சைக்கிள்களில் எதை எடுப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியுள்ளது. நானும் அப்படி முழித்து, 9 ஆயிரம் ரூபாயை தண்டம் அழுதவன்தான்.

ஜம்பிங் சைக்கிள் ஆசை

எனக்கு அமைந்தது முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள். நம்ம ஊரில் ஜம்பிங் சைக்கிள் என்பார்களே, அதுதான். டயர் டிராக்டர் டயர் மாதிரி பட்டை பட்டையாக இருந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது.

ஒரு வாரத்தில் குட்டு உடைந்தது. பெடலை அழுத்த அழுத்த சைக்கிள் மேலும் கீழும் ஆடுகிறதே தவிர முன்னால் போகவில்லை. நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்று விடுகிறது. மட்கார்டு இல்லாததால் மழை நாளில் முதுகு முழுக்க சேறு. கேரியர் மாட்டலாம் என்று பார்த்தால், பின்னால் ஸ்பிரிங் இருப்பதால் மாட்டவே இடம் இல்லை. டிபன் பாக்சை தோளில் தொங்கப்போட்டு எத்தனை நாள் போவது? 3 மாதத்தில் வந்த விலைக்கு தள்ளி விட்டேன்.

விலை உயர்ந்த மலைச் சைக்கிள்களில் வரும் ஷாக் அப்சார்பர் நல்ல சரக்குதான். அதில் காற்றும் எண்ணெயும் வேலை செய்யும். அந்த சைக்கிள்களின் விலை பல பேருடைய 2 மாத சம்பளத்தை தாண்டும். 10 ஆயிரம் ரூபாய் சைக்கிளில் இருப்பது வெறும் இரும்பு ஸ்பிரிங். சாதாரண போர்க்கை விட எடை கூடுதல். புழுதி உள்ளே போனால் ஒரே வருஷத்தில் இறுகி விடும், இல்லாவிட்டால் லொடலொட என்று ஆடும்.

எனவே வேலைக்கும் மண் பாதைக்கும் சேர்த்து வாங்குபவர்கள், ஷாக் இல்லாத சாதாரண போர்க் உள்ள சைக்கிளையே எடுப்பது நல்லது. குலுக்கலை டயர் பார்த்துக்கொள்ளும்.

டயர்தான் முக்கியம்

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் நம்பரை முதலில் பாருங்கள். 47-559 என்று இருந்தால், டயரின் அகலம் 47 மில்லி மீட்டர், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 559 மில்லி மீட்டர் என்று அர்த்தம். இதைத்தான் கடையில் 26 இஞ்ச் என்பார்கள்.

27.5 இஞ்ச் என்றால் 584. ஹைபிரிட் சைக்கிள்களில் வரும் 700சி என்றால் 622. 29 இஞ்ச் என்று சொல்வதும் அதே 622-தான், டயர் மட்டும் குண்டு. நம்ம அப்பா காலத்து 28 இஞ்ச் சைக்கிளுக்கு 635. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரெண்டும் பார்க்க ஒரே உயரமாக தெரிந்தாலும் 13 மில்லி மீட்டர் வித்தியாசம். 28 இஞ்ச் டயர் எல்லா கடையிலும் கிடைக்குதே, 700சி சைக்கிளுக்கும் அதையே போட்டுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது.

மண் பாதைக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவாக 40 முதல் 50 மில்லி மீட்டர் வரை அகலம் உள்ள டயர் போதும். நடுவில் வழுவழுப்பாகவும், ஓரத்தில் மட்டும் பட்டையாகவும் இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்கள். தார் ரோட்டில் நடுப்பகுதி சத்தமில்லாமல் உருளும். செம்மண்ணில் கொஞ்சம் அமுங்கும்போது ஓரப்பட்டை பிடித்துக்கொள்ளும். டயருக்கும் போர்க்குக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கணும். இல்லாவிட்டால் மழைக்கு பிறகு மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. கரிசல் காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியது இல்லை.

காற்றை எவ்வளவு அடிக்கலாம் என்பதும் டயர் ஓரத்திலேயே போட்டிருக்கும். கல்லு மாதிரி அடிக்காமல் அந்த எல்லைக்குள் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஜல்லியில் குலுக்கல் குறையும். ரொம்ப குறைத்தால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கி பாம்பு கடித்தது போல 2 ஓட்டை விழும்.

நெருஞ்சி முள்

வாய்க்கால் மேட்டில் பெரிய எதிரி பள்ளம் இல்லை. நெருஞ்சி முள்ளும் வேலமுள்ளும்தான். ஷிப்டுக்கு 20 நிமிஷம் இருக்கும்போது பாதி வழியில் பஞ்சர் ஆனால் அன்றைக்கு அரை நாள் சம்பளம் போச்சு.

இதற்கு பஞ்சர் கடைகளில் ஒரு பழைய வைத்தியம் இருக்கிறது. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் சுற்றி வைத்து விடுவார்கள். கொஞ்சம் எடை கூடும், ஆனால் சின்ன முள் டியூப் வரை எட்டாது.

வால்வையும் கவனியுங்கள். பழைய சைக்கிளில் உள்ளே ரப்பர் வால்டியூப் போட்ட வால்வு இருக்கும். அது எந்த கிராமத்து கடையிலும் கிடைக்கும். புது சைக்கிள்கள் பலவற்றில் மோட்டார் சைக்கிளுக்கு வருகிற மாதிரி தடித்த வால்வு வருகிறது. பெட்ரோல் பங்க்கில் கூட காற்று பிடிக்கலாம். இந்த 2 வகையும் நமக்கு சரி. ஒல்லியாக, மூடியை திருகி விட்டு அடிக்கிற வால்வு இருந்தால் யோசியுங்கள். அதற்கு தனி பம்பு அல்லது ஒரு சின்ன அடாப்டர் கையோடு வைத்திருக்க வேண்டும்.

பிரேக் பிடிக்குமா?

28 இஞ்ச் சைக்கிளை குறை சொல்ல எனக்கு மனசு வராது. சும்மா சொல்லக்கூடாது, அதன் டயரும் கிட்டத்தட்ட 40 மில்லி மீட்டர் அகலம், மண் பாதையில் ஆடாமல் போகும். 25 கிலோ ரேஷன் அரிசியை அசால்ட்டாக தூக்கும். ஆனால் மழையில் அதன் கம்பி பிரேக் சரியாக பிடிக்காது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். மேட்டில் இருந்து ஊர் ரோட்டுக்கு இறங்கும் சரிவில் இது விளையாட்டு இல்லை.

எனவே 2-வது சைக்கிளில் அலுமினிய ரிம் இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய ரிம்மும் வி பிரேக்கும் இருந்தால் பெரும்பாலான ஆட்களுக்கு போதும். பிரேக் கட்டை மலிவு, நாமே மாற்றலாம்.

டிஸ்க் பிரேக் இருந்தால் சேற்றிலும் பிடிக்கும், ரிம் கோட்டம் ஆனாலும் பாதிப்பு இல்லை. ஆனால் கம்பெனி ஸ்டாண்டில் ஒன்றோடு ஒன்று சாய்ந்து நிற்கும்போது அந்த தகடு வளைந்து விட்டால் சர் சர் என்று உரசிக்கொண்டே வரும். கேரியர் மாட்டும் இடத்தை அது மறைக்கிறதா என்றும் பார்க்கணும். பாதி வழிக்கு மேல் சேறு, சகதி என்றால் மட்டும் டிஸ்க் எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

"கியர் எத்தனைங்க?"

கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். 21 கியர் என்றால் 7 கியரை விட 3 மடங்கு உசத்தி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. முன்னால் 3, பின்னால் 7, பெருக்கினால் 21. அதில் பல ஒன்றுக்கொன்று சமமாகவே வரும்.

கணக்கை பாருங்கள். கியர் இல்லாத 28 இஞ்ச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு மிதிக்கு சுமார் 5.4 மீட்டர் நகரும். தார் ரோட்டுக்கு அது சுகம். மணலிலும் ஏற்றத்திலும் முட்டி வலிக்கும். 26 இஞ்ச் கியர் சைக்கிளில் முன்னால் 42, பின்னால் 28 பல்லில் போட்டால் ஒரு மிதிக்கு சுமார் 3.1 மீட்டர். முன்னால் 24 பல்லுக்கு இறக்கினால் 1.8 மீட்டர்தான், செங்குத்து மலைக்கு சரி. நம்ம வாய்க்கால் மேட்டுக்கு அவ்வளவு தேவை இல்லை. பின்னால் மட்டும் 7 கியர் இருந்தால் போதும். முன்பக்க கியர் வயர், அதன் தகராறு எல்லாம் மிச்சம்.

போகிற வழி பூரா சமதளம், 5 கிலோ மீட்டருக்குள் என்றால் கியரே வேண்டாம். அந்த பணத்தில் நல்ல டயர் போடலாம்.

செயினில் எண்ணெய் விட்டால் வெளியே வழிவதை துணியால் துடைத்து விடுங்கள். எண்ணெய் பிசுக்கில் செம்மண் ஒட்டினால் அது உப்புத்தாள் மாதிரி பல்லை தேய்க்கும்.

ஓட்டை இருக்கா பாருங்க

கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம். பின் சக்கர அச்சுக்கு பக்கத்தில் பிரேமில் திருகாணி போட 2 ஓட்டைகள், சீட்டுக்கு கீழே 2 ஓட்டைகள் இருக்க வேண்டும். இருந்தால்தான் மட்கார்டும் கேரியரும் உறுதியாக நிற்கும். ஓட்டை இல்லாத சைக்கிளுக்கு சீட் கம்பியில் கவ்வ வைக்கும் கேரியர் விற்கிறார்கள். டிபன் பாக்ஸ் தாங்கும், ஆள் உட்கார்ந்தால் சாய்ந்து விடும். நான் 2-வது தடவை கடைக்கு போனபோது விலையை கேட்பதற்கு முன்பே குனிந்து இந்த ஓட்டையைத்தான் தேடினேன். கடைக்கார அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார். பார்த்தால் என்ன?

பாரின் மேல் காலை அகட்டி நின்றால், 2 பாதமும் தரையில் பட்டு, பாருக்கும் நமக்கும் ஓரிரு இஞ்ச் இடைவெளி இருக்கணும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை கீழ் பெடலில் வைத்தால் கால் நேராக நீளணும். இதை சரி செய்யாமல் தினமும் 20 கிலோ மீட்டர் மிதித்தால் முட்டிதான் போகும்.

சக்கரத்தை நட்டு இல்லாமல் கைப்பிடியால் கழற்றும் வசதி சில சைக்கிள்களில் உண்டு. பஸ் ஸ்டாண்டில் நிறுத்துபவர்கள் அதை மாற்றி நட்டு போட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது சக்கரம் இருக்கணுமே!

விலை என்ன?

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைக்கப்பட்டு உள்ளது. வரி இல்லாத விலை 10 ஆயிரம் ரூபாய் என்றால் முன்பு 1,200 ரூபாய் வரி, இப்போது 500 ரூபாய். பில் போட்டு வாங்கி இதை சரி பாருங்கள்.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் பில்லோடு பிரேம் நம்பரையும் ஒத்துப் பார்ப்பது அவசியம். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும். அந்த நம்பர் சுரண்டி இருந்தால், எவ்வளவு மலிவாக கொடுத்தாலும் வேண்டாம் என்று வந்து விடுங்கள். போலீஸ் நிலையத்துக்கு அலைய நேரிடும். ஹேண்டில்பார் சேரும் இடத்துக்கு கீழே பெயிண்ட் வெடித்து கோடு தெரிந்தால் பிரேம் விரிசலாக இருக்கலாம். முன் பிரேக்கை பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் சத்தம் வருகிறதா என்றும் பாருங்கள்.

புது சைக்கிள் என்றால் பெட்டியில் இருந்து எடுத்து கடையில்தான் மாட்டுகிறார்கள். ஒரு மாதம் ஓடியதும் கட்டாயம் ஒரு தடவை எல்லா நட்டையும் முறுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக இடது பக்க கிராங்க். அது லூசாக இருக்கும்போதே மிதித்துக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் சதுர ஓட்டை வட்டமாகி விடும். அப்புறம் எத்தனை தடவை முறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கம் திருகணும் என்பதை மறந்து, வீட்டில் ஸ்பானரை வைத்து பலம் காட்டியும் பலர் அதே கிராங்கை கெடுத்துக்கொள்கிறார்கள்.