கறுப்பு பம்பரில் வெள்ளைப் படலம்

ஆயுத பூஜை வந்துவிட்டால் நம் மல்லாங்கிணறு கடைவீதியில் தராசும் எடைக்கல்லும் கழுவப்படுவது போலவே சரக்கு வண்டியும் கழுவப்படுகிறது. வெறுமனே கழுவினால் போதுமா? ஒரு டப்பா பாலிஷ் வாங்கிப் பளபளவென்று தேய்த்தால்தான் டிரைவருக்கும் கடைப் பையனுக்கும் மனநிறைவு. மறுநாள் சந்தனம் வைக்கப் போகும்போதுதான் விஷயம் தெரியும். பெயிண்ட் கண்ணாடியாய் மின்னுகிறது. கறுப்பு பம்பரும் கதவுப் பட்டையும் சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடக்கின்றன. ஈரத் துணியால் துடைத்தால் மறைந்தது போலிருக்கும். காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கும்.

நம் தந்தையார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அம்பாஸடர் காரின் பம்பர் குரோமியம் பூசிய இரும்பு. பாலிஷ் பட்டாலும் ஒரு துடைப்பில் போய்விடும். இப்போதைய வண்டிகளில் பெயிண்ட் அடிக்காத கறுப்பு பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். 1954-ல் இத்தாலியில் நாட்டா என்ற விஞ்ஞானி உருவாக்கி, 1963-ல் நோபல் பரிசில் பங்கு பெறக் காரணமாக இருந்த பொருள் இது. நமக்கு அந்நியமான சரக்கும் அல்ல. அரிசியும் சர்க்கரையும் வந்து இறங்கும் வெள்ளைப் பின்னல் சாக்கு இதே பிளாஸ்டிக்தான்.

வெளுப்பு ஏன் வருகிறது என்பதை நம் வட்டாரத்துக்காரருக்கு எளிதில் விளக்கலாம். சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். குச்சிகளின் முனையை முதலில் சூடான மெழுகில் முக்கி, அதன் பிறகே மருந்தில் முக்குவார்கள். சூட்டில் இளகிய மெழுகு மரத்தின் துளைகளுக்குள் இறங்கி உறைந்துவிடும். அதனால்தான் மருந்தில் பற்றிய தீ குச்சிக்குத் தாவுகிறது. பம்பரின் சொரசொரப்பான மேற்பரப்பிலும் இதே கதைதான். வெயிலில் இளகிய பாலிஷ் பள்ளங்களில் இறங்கி இறுகிவிடுகிறது. பல பாலிஷ்களில் மெழுகோடு தேய்ப்புப் பொடியும் உண்டு. வெள்ளையாகக் காய்ந்து நம்மைக் காட்டிக் கொடுப்பது அதுவும்தான். உயர்ந்த வகை பாலிஷில் சேரும் கர்னாபா மெழுகு, பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. 80 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் உருகும். பச்சைத் தண்ணீருக்கு அது எப்படி அசையும்?

நாம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறோம். ஒரு பூஜைக்கு உச்சி வெயிலில் நம் வேனுக்குப் பாலிஷ் போட்டாயிற்று. வெளுத்துவிட்டதைப் பார்த்து அவசரப்பட்டு, வீட்டில் மிச்சமிருந்த பெயிண்ட் தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தோம். பம்பர் பரவாயில்லை. அதே துணியைப் பக்கக் கண்ணாடியின் கூட்டில் வைத்தோமோ இல்லையோ, கூடு பிசுபிசுத்து ஐந்து விரலும் பதிந்துவிட்டது. பக்கத்தில் சொட்டிய இடத்தில் பெயிண்டும் மங்கிற்று. வண்டியை விற்கப் போனபோது வாங்க வந்தவர் முதலில் கை வைத்தது அந்தக் கூட்டின் மேல்தான். விலையையும் அங்கிருந்துதான் குறைக்கத் தொடங்கினார். கறுப்பு பிளாஸ்டிக் எல்லாம் ஒரே ஜாதியல்ல என்பது பிறகுதான் புரிந்தது. கூடு, கிரில் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஏ.பி.எஸ். என்ற வகை தின்னரில் கரையக்கூடியது.

சரியான வழி செலவில்லாதது. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். கை பொறுக்கும் வெந்நீரில் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பைக் கலந்து, வெளுத்த இடத்தில் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுற்றிச் சுற்றித் தேய்த்து, காயுமுன் அலசுங்கள். பெயிண்டின் மேல் இந்த சோப்பு போனால் அங்குள்ள மெழுகும் கழன்றுவிடும். ஆகவே பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். கம்பி நார் மட்டும் வேண்டாம். சொரசொரப்பு தேய்ந்துவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சிறு தீற்றல்களுக்கு நம் கடையிலேயே மருந்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு விற்கும் வெள்ளை அழிரப்பரால் தேய்த்துப் பாருங்கள். பாதித் தடம் உருண்டு வந்துவிடும். அமெரிக்காவில் கடலை வெண்ணெயைப் பூசித் தேய்க்கிறார்களாம்! கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நியாயம் இருக்கிறது. கடலை எண்ணெய் மெழுகை இளக்கும்; அரைத்த விழுது அதைச் சுரண்டும். ஆனால் முடிவில் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் எறும்பு வந்துவிடும். பிடிவாதமான கறைக்கு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டி உடனே துணியால் ஒற்றி எடுக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் பெயிண்ட் கடை டர்பன்டைனைத் துணியில் சிறிது தொட்டு, முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். அருகில் பீடி, விளக்கு எதுவும் கூடாது.

தேங்காய் எண்ணெயோ டீசலோ தடவி மறைப்பது வழக்கமாக இருக்கிறது. இரண்டு நாள் கறுப்பாகத் தெரியும். அதன்மேல் நம் கரிசல் புழுதி அப்பியதும் முன்னிலும் மோசமாகிவிடும். இன்னொன்று: பாலிஷே படாத இடமும் சேர்த்து மேற்பக்கம் முழுவதும் ஒரே சீராக நரைத்திருந்தால் அது மெழுகல்ல, வெயில் தின்றது. அதற்கு எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பூச்சுதான் வழி.

வராமல் தடுப்பதோ மிக எளிது. பெயிண்டர்கள் ஒட்டும் பேப்பர் டேப்பைப் பிளாஸ்டிக்கின் ஓரம் நெடுகிலும் ஒட்டிவிட்டு, நிழலில், கொஞ்சமாகத் தொட்டு பாலிஷ் போட வேண்டும். ஓரத்துக்கு வரும்போது கையை மெதுவாக ஓட்டினால் போதும். முன்கூட்டியே பிளாஸ்டிக் பூச்சைத் தடவிக் காயவிட்டால், தவறிப் படுவதும் எளிதில் துடைபடும்.

பாலிஷ் விற்கும் அங்காடிக்காரர்கள் டப்பாவை எடுத்துக் கொடுக்கும்போதே, "கறுப்பு பிளாஸ்டிக்கில் படாமல் போடுங்கள் அண்ணாச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பக்கத்திலேயே பேப்பர் டேப்பையும் வைத்திருந்தால் அதுவும் விற்கும். ஊர் முழுக்கத் தெரிந்த முகங்களுக்கு நடுவே வியாபாரம் செய்கிறோம். வெளுத்த பம்பரோடு ஒருவர் கடை வாசலில் வந்து நின்றால், டப்பாவைத் தயாரித்தவரையா கேட்பார்? நம்மைத்தான் கேட்பார். கரைப்பான் கலந்த பாலிஷ் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், தீப்பெட்டிக் கட்டும் பூஜைக்கால பட்டாசும் அடுக்கிய தட்டில் அதை வைக்க வேண்டாம்.

பூஜை முடிந்ததும் பம்பரில் வைத்த சந்தன குங்குமத்தை மறுநாள் காலையிலேயே கழுவிவிடுங்கள். மெழுகு இறங்கும் அதே பள்ளங்களில் குங்குமப் பொடியும் இறங்கும்.