ஓர் இழை போதாதா?

சென்னையில் மயிலாப்பூரை அடுத்துள்ள சாந்தோம் கடற்கரைக்கு உங்களில் சிலர் போயிருக்கலாம். மீனவர் படகுகளையும் அலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். சிங்கப்பூர் வரை நீளும் ஒளியிழை வடம் ஒன்று அந்தக் கரையில்தான் ஏறுகிறது என்பது பார்வைக்குத் தெரியாது. 2002-ஆம் ஆண்டு பயனுக்கு வந்த அதற்கு 'ஐ-டூ-ஐ' என்று பெயர். கடலுக்கு அடியில் செய்தி அனுப்புவது சென்னைக்குப் புதிதன்று. 1871-லேயே இங்கிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி போயிற்று. அன்று தாமிரக் கம்பியில் மின்சாரம் ஓடியது. இன்று கண்ணாடி இழையில் ஒளி ஓடுகிறது.

இந்தக் கண்ணாடி இழையின் மொத்தத் தடிமன் 0.125 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமயிர். அதன் நடுவே சுமார் 0.009 மில்லிமீட்டர் அகலமுள்ள உள்ளகத்தில்தான் ஒளி செல்கிறது. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் சற்று மிகுதி, சுற்றியுள்ள உறையினுடையது சற்றுக் குறைவு. ஆகவே ஒளி வெளியே சிதறாமல் உள்ளேயே அடங்கிச் செல்கிறது. பாடப்புத்தகத்தில் படித்த முழு அக எதிரொளிப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

போவதற்கு ஓர் இழை, வருவதற்கு ஓர் இழை. இவ்விரண்டையும் சேர்த்து 'இழை இணை' என்கிறோம். ஐ-டூ-ஐ வடத்தில் 8 இணைகள் உண்டு. ஒவ்வோர் இணையிலும் 105 நிறங்களில் ஒளியை அனுப்ப இயலும்படி அது வடிவமைக்கப்பட்டது. (நிறம் என்பது ஒரு வசதிக்காகச் சொன்னது, எல்லாம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களே.) ஒவ்வொரு நிறமும் விநாடிக்கு 1,000 கோடி பிட்டுகளைச் சுமக்கும். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 8.4 இலட்சம் கோடி பிட்டுகள்! ஓர் இணைக்கு ஓர் இலட்சம் கோடிக்குச் சற்று மேல்.

பின்னர் மும்பையையும் சென்னையையும் சிங்கப்பூருடன் இணைக்கத் திட்டமிடப்பட்ட 'மிஸ்ட்' வடத்தில் 12 இணைகள். அதன் வடிவமைப்புத் திறன் 200 இலட்சம் கோடி பிட்டுகளுக்கு மேல். இணைகளின் எண்ணிக்கை ஒன்றரை மடங்குதான் உயர்ந்தது. ஆனால் ஒவ்வோர் இணையின் திறனும் பதினாறு மடங்கு உயர்ந்துவிட்டது. ஒரே நிறத்தில் ஒளியலையின் வீச்சையும் கட்டத்தையும் பல படிகளாக மாற்றி, ஒரு துடிப்பில் பல பிட்டுகளை ஏற்றக் கற்றுக்கொண்டதும், ஒளியின் இரு முனைவாக்கங்களையும் தனித்தனியே பயன்படுத்தியதும் இதற்குக் காரணங்கள்.

இப்படியே ஓர் இழைக்குள் மேலும் மேலும் திணித்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளி நேரத்தில் நடந்து பாருங்கள். கடைக்காரர் ஒருவர் விலையைக் கூவுகிறார். சுற்றிலும் இரைச்சல். தம் குரல் கேட்க வேண்டும் என்று அவர் இன்னும் உரக்கக் கூவுகிறார். உடனே பக்கத்துக் கடைக்காரரும் குரலை உயர்த்துகிறார். கடைசியில் எவர் சொல்வதும் விளங்குவதில்லை. இழைக்குள்ளும் ஏறத்தாழ இதே கதைதான். ஒளியின் செறிவு மிகும்போது கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே சிறிதளவு மாறுகிறது. ஒரு நிறத்தின் ஆற்றல் பக்கத்து நிறத்தைக் குலைக்கிறது.

இரண்டாவது தடை இன்னும் சுவையானது. அமெரிக்கரான கிளாட் ஷானன் 1948-இல் ஒரு விதியை நிறுவினார். குறிப்பலையின் திறன் இரைச்சலின் திறனைப்போல் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அது 3 மடங்கானால் ஒரு துடிப்பில் அதிக அளவாக 2 பிட்டுகளை அனுப்பலாம். 7 மடங்கானால் 3 பிட்டுகள். 15 ஆனால் 4. 31 ஆனால் 5. அந்த மடங்குடன் 1 கூட்டுங்கள். கிடைப்பது 2-இன் எத்தனையாவது அடுக்கோ அத்தனை பிட்டுகள். ஒரே ஒரு பிட்டு கூடுதலாக வேண்டுமானால் திறனை ஏறத்தாழ இரு மடங்காக்க வேண்டும். இலாபமில்லாத வணிகம்!

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கையில் 31 பங்கு திறன் இருக்கிறது. ஓர் இழையில் முழுவதையும் செலுத்தினால் 5 பிட்டுகள். இரண்டு இழைகளுக்கு 15, 15 எனப் பிரித்தால் 4 + 4 = 8 பிட்டுகள். நான்கு இழைகளுக்கு 7 பங்கு வீதம் கொடுத்தால் 28 பங்கே செலவு. பெறுவது 12 பிட்டுகள். எட்டு இழைகளுக்கு 3 பங்கு வீதம் என்றால் 24 பங்கில் 16 பிட்டுகள்! செலவு குறைகிறது, வரவு கூடுகிறது. ஒருவர் தொண்டை கிழியக் கத்துவதைவிட எட்டுப் பேர் எட்டு அறைகளில் மெல்லப் பேசுவது மேல். இதுதான் 'ஸ்பேஸ் டிவிஷன் மல்ட்டிபிளெக்ஸிங்' என்னும் முறையின் உயிர்நாடி. தமிழில் 'இடப்பகிர்வு முறை' எனலாம். காலத்தைப் பகிர்ந்தாயிற்று, நிறத்தைப் பகிர்ந்தாயிற்று. மீதமிருப்பது இடம் ஒன்றே.

'மின்சாரத்துக்கா பஞ்சம்? எல்லா இழைகளுக்கும் முழுத் திறனையும் கொடுத்துவிடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். தரையில் அது சரி. கடலடியில் பஞ்சம் உண்டு.

சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போகும் வடத்தை எடுத்துக்கொள்வோம். (அவ்வூரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.) இடைவெளி நேர்க்கோட்டிலேயே 1,350 கிலோமீட்டருக்கு மேல். சாதாரண இழையில் சுமார் 15 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒளி பாதியாகக் குறைகிறது. அப்படியானால் அந்தமானை அடைவதற்குள் 90 முறை பாதியாக வேண்டும். 2-இன் 90-ஆவது அடுக்கு என்பது 28 இலக்க எண்! ஒரு மில்லிவாட் ஒளியை இங்கிருந்து இடைவிடாமல் செலுத்தினால், அக்கரையில் ஒரே ஓர் ஒளித்துகளைக் காண நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

ஆகவே இத்தகைய வடங்களில் சில பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கடலடியில் ஒளிப் பெருக்கிகளை வைக்கிறார்கள். எர்பியம் என்னும் தனிமம் கலந்த ஒரு துண்டு இழையே பெருக்கி; சிறு லேசர் ஒன்று அதற்கு ஆற்றல் ஊட்டுகிறது. அந்த லேசருக்கு மின்சாரம் வேண்டுமே! நடுக்கடலில் மின்கம்பம் ஏது? இழைகளைச் சூழ்ந்துள்ள தாமிரக் குழாய் வழியாகக் கரையிலிருந்தே ஏறக்குறைய 1 ஆம்பியர் மின்னோட்டம் அனுப்பப்படுகிறது. மிக நீண்ட வடங்களில் இதற்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் தேவைப்படும். அதற்கும் மேலே ஏற்றினால் மின்காப்பு தாங்காது. எனவே வடம் முழுமைக்கும் இவ்வளவுதான் மின்சாரம் என்று ஓர் எல்லை இருக்கிறது. அந்த அளவான உணவை எத்தனை இலைகளில் பரிமாறுவது என்பதே கேள்வி. மேலே போட்ட கணக்கு இங்கேதான் உதவுகிறது.

அட்லாண்டிக் கடலின் அடியில் அமெரிக்காவையும் பிரான்சையும் இணைக்கும் 'டுனான்ட்' வடம் இவ்வழியில் ஒரு முன்னோடி. சுமார் 6,600 கிலோமீட்டர் நீளமுள்ள அது 2021-இல் பயனுக்கு வந்தது. 12 இழை இணைகள். மொத்தம் விநாடிக்கு 250 இலட்சம் கோடி பிட்டுகள். ஊட்டும் லேசர்களை ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியே ஒதுக்காமல் பல இழைகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு லேசர் பழுதானாலும் மற்றவை கைகொடுக்கும்.

எத்தனை இழைகள் என்பதை வடத்தைப் போடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். கரையிலுள்ள கருவிகளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடலில் இறக்கிய வடத்தில் ஓர் இழையைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. பொதுவாக 25 ஆண்டுகள் அதைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். அந்தமான் வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அது வரும்வரை அத்தீவு மக்கள் செயற்கைக்கோள் வழியே கிடைத்த சொற்பத் திறனையே நம்பியிருந்தனர். ஒரு சிறிய கோப்பை அனுப்பவும் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. ஏழு தீவுகளையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் வடத்துக்கு 1,224 கோடி ரூபாய் திட்டமிடப்பட்டது. தேவை கூடியது என்பதற்காக இத்தகைய செலவை அடிக்கடி செய்ய இயலுமா?

தரையில் நிலைமை வேறு. உஸ்மான் சாலை போன்ற ஒரு நெரிசலான சாலையின் கீழ் மின்சாரத்துக்குக் குறைவில்லை, இடத்துக்குத்தான் குறைவு. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கும் மண்ணில் புதுக் குழாய் பதிப்பதென்றால் சாலையைத் தோண்ட வேண்டும். ஆகவே ஒரே இழைக்குள் பல உள்ளகங்களை அமைத்தால் என்ன என்று ஆராய்ந்தார்கள். தலைமயிர்த் தடிமன் மாறாமல், தாமரைக்காயின் குழிகளைப்போல உள்ளே நான்கு உள்ளகங்கள்! 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்தகைய இழையில் 51.7 கிலோமீட்டருக்கு விநாடிக்கு ஆயிரம் இலட்சம் கோடி பிட்டுகளுக்கு மேல் அனுப்பிக் காட்டினர். 2025-இல் அதே தடிமனில் 19 உள்ளகங்கள் கொண்ட இழையில் அவ்வளவு செய்தியும் 1,808 கிலோமீட்டர் சென்றது. அது சென்னை–போர்ட் பிளேர் தொலைவைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவிலும் நான்கு உள்ளக இழை உருவாக்கப்பட்டுள்ளது.

சிக்கல்களும் இல்லாமலில்லை. உள்ளகங்கள் மிக நெருங்கினால் ஒன்றின் ஒளி அடுத்ததில் கசியும். பக்கத்து வீட்டு வானொலி நம் வீட்டில் கேட்பதுபோல. இதனைக் குறைக்க ஒவ்வோர் உள்ளகத்தையும் சுற்றி ஒளிவிலகல் எண் குறைந்த ஓர் 'அகழி' அமைக்கிறார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஒட்டுவது. சாதாரண இழை அறுந்தால் இரு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து உருக்கி ஒட்டிவிடலாம். நடுவில் ஒரே உள்ளகம் என்பதால் எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும். நான்கு உள்ளக இழையிலோ முனையைச் சுழற்றி, முதலாம் உள்ளகம் முதலாவதோடும் இரண்டாவது இரண்டாவதோடும் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பிசகாமல் சேரும்படி நிறுத்த வேண்டும். வங்கக் கடலில் நங்கூரம் பட்டு வடம் அறுந்தால், பழுதுபார்க்கும் கப்பலில் அலைகளின் ஆட்டத்துக்கு நடுவே ஒருவர் இதைச் செய்தாக வேண்டும்.