வீட்டுக் கேபிளில் வேகம் குறைவது ஏன்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கண்ணாடியிழை வழி அதிவேக இணையச் சேவை 2010-ஆம் ஆண்டில் வீடுகளுக்கு வரத் தொடங்கியது. இன்று விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு மாதச் சந்தா கட்டும் குடும்பங்கள் பல. ஆனால், அந்த வேகம் படுக்கையறைக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை என்ற மனக்குறை இருந்துகொண்டே இருக்கிறது. சேவை நிறுவனத்தோடு சண்டையிடுபவர்கள் உண்டு. பணம் போட்டுப் புது ரூட்டர் வாங்குபவர்களும் உண்டு. கேபிளைச் சுருளாக வாங்கி, முனைகளில் பிளக்கைத் தாங்களே பொருத்திக்கொண்ட வீடுகளில், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் பிளக்கைத்தான்.

இதைக் கண்டறிவது எளிது. கடையில் விற்கும் ஆயத்தக் கேபிளால் கணினியை ரூட்டருடன் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதிக்க வேண்டும். அப்போது முழு வேகம் கிடைத்தால் சேவையில் குறையில்லை. வீட்டுக்குள் இழுத்த கேபிளிலோ இடையிலுள்ள சுவிட்ச் பெட்டியிலோதான் கோளாறு.

சோதனையில் 94 அல்லது 95 மெகாபிட்டிலேயே வேகம் நின்றுவிட்டால், அதுவே நல்ல தடயம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடிகள் போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி பிளக்கின் உலோகப் பல்லைச் சரியாகத் தொடாவிட்டாலும், பல கருவிகள் தாமாகவே 100-க்கு இறங்கிவிடும். 100 மெகாபிட் மட்டுமே தாங்கும் பழைய சுவிட்ச் பெட்டியாலும் இதே நிலை வரும்.

இன்னொரு தவறு கண்ணுக்குத் தெரியாதது. சிலர் ஆரஞ்சுச் சோடி, பச்சைச் சோடி, நீலச் சோடி, பழுப்புச் சோடி என்று வரிசையாக அடுக்கிவிடுவார்கள். இரு முனைகளிலும் ஒரே வரிசை இருப்பதால், சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரியும். ஆனால், 3-ஆம், 6-ஆம் கம்பிகள் ஒரே சோடியாக இருக்க வேண்டும் என்ற விதி மீறப்படுகிறது. முறுக்குதான் குறுக்கீட்டைத் தடுக்கிறது. சோடி மாறினால் தகவல் சிதையும். மீண்டும் மீண்டும் அனுப்ப நேர்வதால் வேகம் படுத்துவிடும்.

பிளக்கின் கொக்கி மறுபுறம் இருக்க, உலோகப் பற்கள் மேலே தெரியும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இதையே பின்பற்ற வேண்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்புக் கேபிளையே வாங்குவது நல்லது.

புது ரூட்டருக்குச் செலவழிக்கும் முன், இரண்டு பிளக்குகளை வெட்டி மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.