தொழிற்சாலைக்குச் செல்லும் விளைபொருளும் அடையாளச் சீட்டும்

கமக்காரரின் விளைபொருளில் ஒரு பகுதி சந்தைக்குச் செல்கின்றது. மற்றொரு பகுதி ஆலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மூலப்பொருளாகச் செல்கின்றது. நெல் அரிசியாகின்றது, தக்காளி சோஸ் ஆகின்றது, ஊறுகாய் வெள்ளரி உப்புநீரில் இடப்பட்டுக் கடல் கடந்து செல்கின்றது. சந்தையில் வாங்குபவர் பொருளையும் அதனை விளைவித்தவரையும் நேரிற் காணலாம். தொழிற்சாலை வாயிலில் அவ்வாறில்லை. பல ஊர்களிலிருந்து வரும் மூடைகளும் பெட்டிகளும் அங்கே ஒன்றுபோலவே தோன்றும். எது எவருடையது என்பதை அவற்றின் மேலுள்ள சீட்டே கூறவேண்டும்.

விதை நெல் மூடையில் இணைக்கப்பட்டிருக்கும் சீட்டைக் கமக்காரர் நன்கு அறிவர். நெல்லினத்தின் பெயரும் தொகுதி இலக்கமும் அதிலே உள்ளன. விதை முளைக்காவிடின் அச்சீட்டைக் காட்டி முறையிடலாம். அதனை எறிந்துவிட்டவர் எதனைக் காட்டி முறையிடுவார்? விதை கமக்காரரிடம் வரும்போது சீட்டு எவ்வளவு அவசியமோ, விளைபொருள் அவரிடமிருந்து செல்லும்போதும் அவ்வளவு அவசியமாகும்.

பொது முறை ஏன் வேண்டும்?

ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி சீட்டெழுதினால் குழப்பமே உண்டாகும். “3-4” என்று ஒருவர் எழுதுவது ஏப்பிரல் 3ஆந் திகதியைக் குறிக்கலாம். மற்றொருவர் எழுதுவது மார்ச்சு 4ஆந் திகதியைக் குறிக்கலாம். நிறையை ஒருவர் சாக்குடன் எழுதுவார். மற்றவர் சாக்கின் நிறையைக் கழித்து எழுதுவார். இவற்றைப் பொருள் ஏற்கும் எழுதுவினைஞர் ஒவ்வொன்றாக விசாரித்து முடிக்கும்வரை லொறி வெயிலில் நிற்கும். மரக்கறி வாடும், அதன் நிறையும் குறையும்.

இக்குறையை நீக்கவே உலகெங்கும் ஒரேவகையான சீட்டு வழக்கத்திற்கு வந்துள்ளது. ஜீ.எஸ். 1 என்னும் சர்வதேச நிறுவனம் இதற்குரிய விதிகளை வகுத்துள்ளது. பெட்டிகளை அடுக்கி ஏற்றும் ஒவ்வொரு பலகைத் தட்டிலும் இச்சீட்டு ஒட்டப்படுகின்றது.

சீட்டின் அமைப்பு

இச்சீட்டு பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. மேற்பகுதியில் அனுப்புபவர், பெறுபவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருக்கும். நடுப்பகுதியில் பொருள்பற்றிய விபரங்கள் மனிதர் வாசிக்கத்தக்கவாறு எழுத்திலும் எண்ணிலும் இருக்கும். கீழ்ப்பகுதியில் அவ்விபரங்களே கருவி வாசிக்கத்தக்க கறுப்புக் கோடுகளாக அமையும்.

ஒவ்வொரு விபரத்தின் முன்னும் அது யாதென உணர்த்தும் குறியெண் உண்டு. (10) என்பது தொகுதி இலக்கத்தையும், (13) என்பது பொதிசெய்த திகதியையும், (37) என்பது உள்ளிருக்கும் பொதிகளின் எண்ணிக்கையையும் குறிக்கும். 310 என்று தொடங்கும் குறியெண் கிலோகிராமில் தேறிய நிறையைக் காட்டும். திகதியை எழுதும்போது ஆண்டு முதலிலும், மாதம் அடுத்தும், நாள் இறுதியிலும் வரவேண்டும். எனவே 2026 மார்ச்சு 4ஆந் திகதி 260304 என எழுதப்படும். இதில் ஐயத்திற்கு இடமில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது (00) என்னும் குறியெண்ணுடன் வரும் 18 இலக்க எண்ணாகும். இஃது அந்த ஒரு தட்டுக்கு மட்டுமே உரியது. மற்ற விபரங்கள் தேவைக்கேற்பச் சேர்க்கப்படும், இவ்வெண்ணோ கட்டாயமானது. இதன் கடைசி இலக்கம் முன்னுள்ள 17 இலக்கங்களைக் கொண்டு கணிக்கப்படுவது. முன்னுள்ளவற்றில் ஓர் இலக்கம் பிழையாகப் பதியப்பட்டாலும் கணக்கு ஒவ்வாது. பிழை உடனே வெளிப்படும்.

வாயிலில் நடப்பது

அனுப்புபவர் லொறி புறப்படும்போதே தட்டுகளின் எண்களையும் அவற்றிலுள்ள பொருள்களின் விபரத்தையும் கணினி மூலம் தொழிற்சாலைக்கு அறிவிக்கலாம். லொறி வந்ததும் ஊழியர் கருவியாற் சீட்டை வாசிப்பர். அறிவித்தலும் வந்த பொருளும் ஒத்திருப்பின் பொருள் விரைவில் ஏற்கப்பட்டுத் தரப் பரிசோதனைக்குச் செல்லும். முதலில் வந்ததை முதலிற் பயன்படுத்தவும் திகதி உதவும்.

ஐயம் எழும்போது

சீட்டின் முழுப் பயனும் துன்பம் வரும்போதே விளங்கும். 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் வட ஜேர்மனியிற் கொடிய குடல்நோய் ஒன்று பரவியது. ஈ. கோலை என்னும் பற்றீரியாவின் ஒரு வகையே அதற்குக் காரணம். 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது முதலில் ஐயம் கொள்ளப்பட்டு, அது பகிரங்கமாகவும் அறிவிக்கப்பட்டது. சில நாள்களில் அந்த வெள்ளரிக்காயில் இருந்தது நோயை உண்டாக்கிய வகையன்று எனத் தெரியவந்தது. ஆயினும் அதற்குள் அந்நாட்டுக் கமக்காரரின் மரக்கறி விற்பனையின்றிக் கொட்டப்பட்டது. பல நாடுகளின் மரக்கறிச் செய்கையாளருக்கு நட்டஈடாக 210 மில்லியன் யூரோவை ஐரோப்பிய ஒன்றியம் ஒதுக்க நேர்ந்தது.

முளைகட்டிய தானிய வகைகளே நோய்க்குக் காரணமென யூன் மாதத்தில் அறியப்பட்டது. அம்மாதத்திலேயே பிரான்சிலும் அந்நோய் தோன்றியது. இரு நாடுகளிலும் விதை வந்த வழியைப் பதிவுகளைக்கொண்டு பின்னோக்கித் தேடியபோது, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் ஒரு தொகுதியே இரண்டையும் இணைக்கக்கூடியது எனக் காணப்பட்டது. அதன் தொகுதி இலக்கம் 48088. ஐயம் எழுவதைச் சீட்டுத் தடுக்கமாட்டாது. ஆனால் எழுந்த ஐயம் எவரைச் சாரும், எவரைச் சாராது என்பதைத் தொகுதி இலக்கமும் பதிவுமே காட்டவல்லன.

உள்ளூரிலும் இவ்வாறே. இருபது கமக்காரரின் வெள்ளரி ஒரே நாளில் தொழிற்சாலைக்குச் செல்கின்றதென வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவர் கிருமிநாசினி தெளித்தபின் பொறுக்கவேண்டிய நாள்கள் கழியுமுன் அறுவடை செய்துவிட்டார். பரிசோதனையில் நஞ்சு காணப்படுகின்றது. தொகுதிகள் பிரித்துக் குறிக்கப்பட்டிருப்பின் அவருடைய பொருள் மட்டுமே விலக்கப்படும். குறிக்கப்படாவிடின் இருபதின்மரின் பொருளும் நிறுத்திவைக்கப்படும். குற்றமற்ற பத்தொன்பதின்மரும் நட்டமடைவர்.

கமக்காரர் செய்யவேண்டியவை

பெரிய சீட்டை அச்சிடுவது சேகரிப்பு நிலையத்தின் பணி. ஆயினும் வயலில் எழுதப்படாத விபரத்தை நிலையத்தில் எவரும் உண்டாக்க முடியாது. ஆகவே கமக்காரர் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. ஒவ்வொரு மூடைக்கும் பெட்டிக்கும் சீட்டிடுக. பெயர் அல்லது பதிவிலக்கம், வயற்றுண்டம், பயிரினம், அறுவடைத் திகதி, தேறிய நிறை ஆகியன அதில் இருத்தல் வேண்டும்.

2. இரு நாள் அறுவடையையோ இரு வயல்களின் விளைவையோ ஒரே மூடையிற் கலவாதிருக்க. கலந்தபின் எந்தச் சீட்டும் உண்மை கூறாது.

3. ஈரத்திற் பரவும் மையைத் தவிர்த்து, பென்சிலால் அல்லது நீரில் அழியாத மையால் எழுதுக. நெல் மூடைக்கு உள்ளே ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும் வைப்பின் ஒன்று கிழிந்தாலும் மற்றது எஞ்சும்.

4. பழைய பெட்டிகளிலுள்ள முந்திய சீட்டுகளை முற்றாக அகற்றுக. கிருமிநாசினி, உரம் ஆகியன இருந்த பைகளை உணவுப்பொருளுக்குப் பயன்படுத்தலாகாது.

5. தெளித்த மருந்தின் பெயரையும் திகதியையும் வயற்குறிப்பேட்டில் எழுதுக. சீட்டிலுள்ள அறுவடைத் திகதியை அதனுடன் ஒப்பிட்டே பயிர் பாதுகாப்பானதென நிரூபிக்கலாம்.

6. ஒப்படைக்கும்போது பெறும் நிறைச்சீட்டில் தொகுதி இலக்கத்தையும் எழுதுவித்துப் பத்திரப்படுத்துக. பணம் கிடைத்துவிட்டதென்று அதனை எறிந்துவிடலாகாது.

ஒரு துண்டுச் சீட்டை எழுதச் சில நிமிடங்களே செல்லும். நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்த பொருள் வேறொருவரின் தவற்றால் விலக்கப்படாமற் காக்கக்கூடிய சாட்சி அதுவே. அறுவடைக்குச் சாக்கையும் கயிற்றையும் ஆயத்தம் செய்யும்போது சீட்டையும் ஆயத்தம் செய்துகொள்வது கமக்காரருக்கு நன்மை பயக்கும்.