கொடுப்பதா, ஒப்புக்கொள்வதா? – பளியர் நிலமும் அரசின் பட்டாக் கணக்கும்

'பழங்குடியினர் இத்தனை பேருக்கு வன உரிமைப் பட்டா வழங்கப்பட்டது' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. ஒரு மேடை, ஓர் அதிகாரி, குனிந்து தாளை வாங்கிக்கொள்ளும் ஒரு பெண். கொடுக்கிற அரசு, வாங்குகிற குடிமகள் என்ற இந்தப் படம் நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் அந்தத் தாளுக்கு ஆதாரமான 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'வன உரிமைகளை அங்கீகரித்தல்' என்றுதான் இருக்கிறது. காடுகளை அரசு எடுத்துக்கொண்டபோது அங்கிருந்தவர்களின் உரிமை பதிவாகவில்லை, அது வரலாற்று அநீதி என்று அதன் முகப்புரை ஒப்புக்கொள்கிறது. அங்கீகரிப்பது என்றால் முன்பே இருந்ததை இருந்தது என்று சொல்வது. இல்லாததைக் கொடுப்பதல்ல. 'அங்கீகாரம்' என்ற சொல் 'வழங்கல்' ஆக மாறுகிற இடத்தில்தான் அதிகாரம் வேலை செய்கிறது.

வேறு நாடுகளில் இதே பிரச்சினை வேறு சொல்லாடலில் நடக்கிறது. கனடாவில் 1973-க்குப் பிறகு, ஆஸ்திரேலியாவில் 1992-இன் மாபோ தீர்ப்புக்குப் பிறகு, அரசும் தொல்குடிகளும் இரு தரப்புகளாக உட்கார்ந்து நில ஒப்பந்தம் பேசுகிறார்கள். அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990-களில் தொடங்கிய பேச்சுவார்த்தையில் பல இனங்கள் இன்னமும் மேசையிலேதான் இருக்கின்றன. ஆனாலும் மேசை என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. இந்தியா 2007-இல் ஐ.நா.வின் தொல்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இங்கே எல்லோருமே தொல்குடிகள்தான் என்பது அதன் நிலைப்பாடு. எல்லோரும் தொல்குடி என்றால் யாரும் தொல்குடி இல்லை. அப்புறம் யாரோடு பேசுவது? மனு வாங்கினால் போதும்.

இதை நம்ம திண்டுக்கல்லில் வைத்துப் பார்ப்போம். ஊரிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் சிறுமலை. சமவெளிக்காரர்களுக்கு அது மலை வாழைப்பழமும் எலுமிச்சையும் மிளகும் வந்து இறங்குகிற இடம். அங்கே பளியர்கள் இருக்கிறார்கள். கொடைக்கானல் மலைகளிலும் இருக்கிறார்கள். மலையின் நிலம் தாளில் இரண்டாகக் கிடக்கிறது. ஒன்று தோட்டக்காரர்களின் பட்டா நிலம், இன்னொன்று வனத்துறையின் காப்புக்காடு. தேன் எடுத்தும் வள்ளிக்கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவர்கள் முதலாவதில் கூலிகள். இரண்டாவதில் அத்துமீறியவர்கள்.

இது எப்படி நேர்ந்தது? 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒரு வழிமுறை வைத்திருந்தது. ஒரு காட்டைக் காப்புக்காடாக்கும் முன் அறிவிப்பு வரும். நிலவரித் திட்ட அலுவலர் முன்பு குறைந்தது மூன்று மாத அவகாசத்துக்குள் உரிமை கோர வேண்டும். கோராத உரிமை அழிந்துபோகும். அரசிதழ் படிக்காதவன், கச்சேரிக்கு வராதவன், இந்தத் தேன்பாறை என் தாத்தனுடையது என்று எழுதிக் கொடுக்கத் தெரியாதவன் எல்லோருடைய உரிமையும் அந்த மௌனத்தில் கரைந்தது. யாரும் பறித்ததாகப் பதிவு இல்லை. யாரும் கேட்கவில்லை என்றுதான் பதிவு.

2006-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மௌனத்தைத் திருப்பிப் போட வந்தது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, பழங்குடிக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் அது இருக்கும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. ஆனால் சட்டத்தின் உயிர் இதில் இல்லை. சிறுவன மகசூல் மீதான உடைமை, காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவுமான சமூக உரிமை, இவற்றில்தான் இருக்கிறது. தனிப்பட்டாவைத் தந்தால் ஒரு குடும்பம் வாழும். காடு வனத்துறையிடமே இருக்கும். சமூக உரிமையைத் தந்தால் காட்டை ஆள்வது யார் என்ற கேள்வி வந்துவிடும். அரசின் முன்னேற்ற அறிக்கைகள் பட்டாக்களை எண்ணுவதில் காட்டுகிற ஆர்வத்துக்குக் காரணம் இங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கைகூடத் தாமதமாகத்தான் தொடங்கியது. உரிமைப் பத்திரம் தருவதற்கு முன் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 2008-இல் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவு 2016 வரை நின்றது. மனுக்களைப் பரிசீலிக்கலாம், பத்திரம் கையில் தரக்கூடாது. எட்டு வருஷம்! இதற்கிடையே 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தடை ஏதும் வரவில்லை. 2019 பிப்ரவரி 13-இல், மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்னது உச்சநீதிமன்றம். அந்த மாதம் 28-இல் தானே அதை நிறுத்தி வைத்தது.

நம் நாட்டில் பேச்சுவார்த்தை மேசைக்கு நெருக்கமான ஒன்று உண்டென்றால் அது கிராமசபைதான். உரிமையை முதலில் தீர்மானிப்பது அதுதான் என்கிறது சட்டம். ஒடிசாவின் நியம்கிரியில் 2013-இல் 12 கிராமசபைகள் கூடி, பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிறவன்தான் ஒரு தரப்பு. மற்றவன் பயனாளி.

தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் கிடையாது. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. மிஞ்சுவது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கிராமசபை மட்டுமே. அதையும் ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாகக் கூட்டினால், பத்து இருபது பளியர் குடும்பங்கள் தோட்டக்காரர்களுக்கு நடுவில் கைதூக்க வேண்டியிருக்கும். தோட்டக்காரன் முன்னால் கூலியாள் எப்படிக் கை தூக்குவான்? குடியிருப்பு அளவில் சபை கூட வேண்டும் என்று மத்திய அரசே 2012-இல் வழிகாட்டியிருக்கிறது. இந்த ஒரு கோரிக்கையை விடாமல் பிடித்தாலே பாதி வேலை முடியும்.

அடுத்தது சாட்சியம். மலைப் புலையர்கள் அரசுக் கணக்கில் பட்டியல் சாதி. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுவருகிறார்கள். அதுவரை, பக்கத்துப் பளியருக்கு இல்லாத ஒரு நிபந்தனை அவர்களுக்கு உண்டு: மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எதைக் காட்டி? சட்ட விதிகள் இங்கே ஆச்சரியம் தருகின்றன. சுடுகாடு, கிணறு, சாமி கும்பிடும் இடம், எழுதி வாங்கிய பெரியவர்களின் வாய்மொழி, இவையெல்லாம் சாட்சியமாகும். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் அடம்பிடிக்கக் கூடாது.

எழுதுகிறவர்களான நமக்கு வேலை இங்கேதான். மலைமக்களின் வழக்காறுகளையும் பாறைப் பெயர்களையும் நாம் 'நாட்டார் இலக்கியம்' என்று சேகரித்துக் கொண்டுவந்து சமவெளியில் அச்சடித்தோம். இன்ன பாறை இன்ன வகையறாவின் தேன்பாறை என்று ஒரு கிழவி சொல்வது இலக்கியம் மட்டுமில்லை, நில ஆவணம். அதைத் தேதியோடு, கைநாட்டோடு எழுதி வாங்கிச் சபையின் முன் வைத்தால், கீழே ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். 1882-இல் மௌனம் அழித்ததைப் பேச்சால் மீட்க ஒரு சிறிய கதவு இருக்கிறது. எத்தனை பட்டா என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எத்தனை குடியிருப்பில் சபை கூடியது, அதில் யார் பேசினார்கள் என்று கேட்கத் தொடங்குவோம்.