மழை விட்ட நேரத்து நடை

மாரி காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் கல்முனைக் கரையோரத்தில் சிறுவரோடு நடக்க ஏற்ற காலமும் அதுதான். வடகீழ்ப் பருவமழை ஓயத் தொடங்கும் சனவரி, பெப்ரவரி மாதங்களில் வெயில் கடுமையில்லை. வயல்வட்டைகள் பசுமையாகக் கிடக்கும். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் களப்புகளில் இரை தேடும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல். அதற்கு மலையேறத் தேவையில்லை. கரைவாகு வயல்வட்டையோரம் அரை மணி நேரம் நடப்பதும் அதில் சேரும்.

நுளம்பு கடிக்குமே என்பார்கள். டெங்கு நுளம்பு பெருகுவதோ வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரில், கடிப்பதோ பகலில். வீட்டுக்குள் இருப்பதால் மட்டும் தப்ப முடியாது, முழுக்கைச் சட்டைதான் உதவும். கடல் கொந்தளிக்கும் என்பது உண்மை. அந்நாட்களில் கரையை விட்டு வயல்பக்கம் செல்லுங்கள். எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் சேற்றிலும் தேங்கிய நீரிலும் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். இடி முழங்கினால் உடனே திரும்புங்கள். மழை விட்டதும், அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளின் கைபிடித்துப் புறப்படுங்கள்.