கட்டத்தை மறுத்த கோடுகள்

காமிக்ஸ் ஓவியருக்குத் தனி பாணி எங்கிருந்து வருகிறது? அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்த பர்தான் கோண்டு தம்பதியின் புத்தகத்தில் ஒரு பதில் இருக்கிறது.

சிறுவன் பீமுக்குத் தாகம். பள்ளிக்கூடத்துக் குழாயை அவன் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. காமிக்ஸ் வரையப் பழகிய எவரும் இந்தக் காட்சியை எப்படிப் போடுவார் என்று ஊகித்துவிடலாம்: வெடித்த உதடு, நெற்றியில் வியர்வை, பின்னால் சுட்டெரிக்கும் சூரியன். தில்லியின் நவயானா பதிப்பகம் 2011-ல் வெளியிட்ட ‘பீமாயணா’ சித்திர நாவலில் இவை எதுவும் இல்லை. அங்கே தாகமெடுத்த சிறுவனின் உடலே மீனாக மாறிவிடுகிறது. மீனுக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மீனை வரைந்தவர்கள் துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் தம்பதி. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடியைச் சேர்ந்தவர்கள். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த் இருவருடையது. அம்பேத்கர் தன் அவமானங்களைத் தானே பதிவுசெய்த ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூல்தான் கதைக்கு அடிப்படை. பள்ளிக்கூடத் தாகம், பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டது, சாலிஸ்காவ்ன் குதிரை வண்டி, தௌலதாபாத் கோட்டைக் குளம் என்று நீளும் சம்பவங்கள்.

தனி பாணி வேண்டும் என்பது காமிக்ஸ் வரையப் புறப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளிலிருந்தே உள்ள ஏக்கம். பெரும்பாலானோர் தொடங்குவது நகலெடுப்பதில். அதில் தவறும் இல்லை. அனந்த் பை 1967-ல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் ராம் வாயீர்கர், பிரதாப் முளிக் போன்றோர் வரைந்த படங்களில் ரவி வர்மாவின் சாயலும் அமெரிக்க காமிக்ஸின் சாயலும் கலந்திருந்தன. அந்தக் கலவை பல ஆண்டுகளுக்குப் புராணக் கதை என்றாலே இப்படித்தான் என்று ஆகிவிட்டது. மறுபுறம் பிராண், ‘சாச்சா சௌத்ரி’யில் தலைப்பாகை, வெள்ளை மீசை, சில எளிய கோடுகள் என்று சுருக்கிக்கொண்டு தன் அடையாளத்தை நிலைநாட்டினார். பின்னணியில் எதை விட்டுவிடலாம் என்பதில் அவருக்கு இருந்த தெளிவே அவரது பாணி.

வ்யாம் தம்பதி விட்டது இன்னும் பெரியது: கட்டங்களையே விட்டுவிட்டார்கள். அவர்களுக்கு முன்மாதிரியாக உலகின் புகழ்பெற்ற சித்திர நாவல்கள் காட்டப்பட்டன. பார்த்தார்கள். பாத்திரங்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும், தங்கள் கலை திறந்த வெளியில் இருப்பது என்று மறுத்துவிட்டார்கள். தீண்டாமையைப் பற்றிய ஒரு புத்தகத்தில் இந்த மறுப்புக்கு வேறொரு பொருளும் சேர்ந்துகொண்டது. ஊருக்கு வெளியே, குழாய்க்கு அப்பால், வண்டிக்கு வெளியே என்று வாழ்நாளெல்லாம் எல்லை போடப்பட்ட ஒருவரின் கதையில் மறுபடியும் எல்லைக் கோடு போடுவானேன்?

ஆனால் கட்டத்தை எடுத்துவிட்டால் தொல்லைகள் வரிசையாக வரும். எதை முதலில் படிப்பது? பக்கத்துக்குப் பக்கம் அதே ஆள்தான் என்று எப்படித் தெரியும்? யார் பேசுவது நஞ்சு, யார் பேசுவது வேதனை? பாணி என்பது அலங்காரமா, வேலை செய்யும் கருவியா என்பது இங்கேதான் தெரியவரும்.

முதல் கேள்விக்கு விடை டிக்னா. பர்தான் கோண்டு வீடுகளில் பெண்கள் சுவரிலும் தரையிலும் வரையும் வடிவங்கள் இவை. நம் வாசல் கோலத்துக்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். துர்காபாய் சிறுமியாக இருந்தபோது பாட்டியிடம் கற்ற கலை இதுதான். புத்தகத்தில் அதே டிக்னா பக்கத்தின் குறுக்கே நெளிந்து ஓடி, நிகழ்ச்சிகளைப் பிரிக்கிறது; அடைப்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு மூக்குக் கண்ணாடியும் உடையும் விடை. கோண்டு ஓவியத்தில் முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், ஒற்றைப் பெரிய கண்ணுடன் இருக்கும். முகபாவத்தை நம்ப முடியாது என்பதால் அடையாளத்தைப் பொருள்கள் சுமக்கின்றன.

மூன்றாவது விடைதான் மிகவும் பேசப்பட்டது. மென்மையாகப் பேசுவோரின், பாதிக்கப்பட்டோரின் சொற்கள் பறவை வடிவக் குமிழில் வருகின்றன. சாதி நஞ்சு கக்கும் சொற்களுக்கு வால் தேளின் கொடுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும்கூட யார் கொட்டுகிறார் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கருவிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. பர்தான்கள் வழிவழியாகப் பாடகர்கள். ‘பானா’ என்ற நரம்பு வாத்தியத்தை இசைத்து, கோண்டு குடும்பங்களுக்குத் தெய்வக் கதைகளும் குல வரலாறும் பாடிப் பிழைத்தவர்கள். ஆதரவு வற்ற, பாட்டும் வற்றியது. 1980-களின் தொடக்கத்தில், போபாலில் உருவாகிவந்த பாரத் பவனுக்காக ஓவியர் ஜே. சுவாமிநாதனின் குழுவினர் கிராமங்களில் கலைஞர்களைத் தேடியபோது, பாட்டன்கட் கிராமத்துச் சுவரில் இளைஞர் ஜன்கர் சிங் ஷ்யாமின் ஓவியத்தைக் கண்டார்கள். அவர் போபாலுக்கு வந்தார். சுவர் போய்க் காகிதம் வந்தது. மண் நிறங்கள் போய்ப் போஸ்டர் வண்ணங்கள் வந்தன. பாட்டில் இருந்த தெய்வங்களுக்கு அதுவரை யாரும் தராத உருவங்களை அவர் தந்தார். 1989-ல் பாரிஸின் பெரிய கண்காட்சி வரை அவர் ஓவியம் சென்றது.

ஜன்கரைப் பார்த்து உறவினர்கள் ஒவ்வொருவராகத் தூரிகை எடுத்தார்கள். அங்கே எழுதப்படாத ஒரு விதி உருவானது. உருவத்தின் வெளிக்கோடு யாருடையதாகவும் இருக்கலாம். உள்ளே நிரப்பும் வேலைப்பாடு மட்டும் அவரவருடையதாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் புள்ளி, ஒருவருக்கு மீன் செதில், ஒருவருக்கு விதை, ஒருவருக்கு நுண்கோடு. அதுவே கையெழுத்து. ஜன்கரின் மருமகன் முறையான பஜ்ஜு ஷ்யாம், போபாலில் இரவுக் காவலாளி வேலை உட்படப் பலதும் பார்த்தவர். மாமாவின் ஓவியங்களில் நுண்கோடுகளை நிரப்பும் உதவியாளராகத் தொடங்கி, தன் கையெழுத்தைக் கண்டுகொண்டார். லண்டனில் ஓர் உணவகச் சுவரை வரையப் போய்த் திரும்பியவர், அந்த அனுபவத்தை ‘லண்டன் ஜங்கிள் புக்’ ஆக்கினார். சென்னையின் தாரா புக்ஸ் 2004-ல் வெளியிட்ட அந்நூலில் பிக் பென் கடிகாரம் சேவலாகிறது. பொழுதைச் சொல்வது இரண்டுக்கும் பொதுவான தொழில்.

பாணி பிறந்த கதையில் துயரமும் உண்டு. 2001-ல், ஜப்பானில் ஒரு அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்த ஜன்கர் அங்கேயே தன்னை மாய்த்துக்கொண்டார். நாற்பதையொட்டிய வயது. அவர் பெயரால் ‘ஜன்கர் கலம்’ என்று அழைக்கப்படும் பாணி இன்று கைப்பையிலும் கோப்பையிலும் அச்சாகிறது. 2023-ல் கோண்டு ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒரு வட்டாரத்தின் பெயரைக் காக்கும். ஒரு தனி ஓவியர் பல ஆண்டு உழைத்துக் கண்டெடுத்த புள்ளியையோ செதிலையோ காக்காது. ஆகவேதான் ‘பீமாயணா’வின் அட்டையில் எழுத்தாளர்களோடு ஓவியர்களின் பெயரும் இருப்பது சின்ன விஷயமல்ல. ‘பழங்குடி ஓவியம்’ என்ற பொதுப் பெயரில் கரைந்துபோயிருக்கக்கூடிய இருவர் அங்கே துர்காபாயாகவும் சுபாஷாகவும் இருக்கிறார்கள். துர்காபாய்க்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அப்படியானால் நகரத்து ஓவிய மாணவர் நாளை முதல் மானுக்குள் புள்ளி வைத்தால் பாணி வந்துவிடுமா? வராது, புள்ளி மட்டும்தான் வரும். சுபாஷும் துர்காபாயும் ரயிலைப் பாம்பாகவும் தௌலதாபாத் கோட்டையை மூர்க்க மிருகமாகவும் வரைந்தது அழகுக்காக அல்ல. அவர்கள் வளர்ந்த கதைகளில் அச்சத்துக்கு அந்த உருவம்தான் இருந்தது. அவரவர் தெருவில் அச்சத்துக்கு என்ன உருவம், தாகத்துக்கு என்ன உருவம் என்று தேடுவதுதான் அந்த மாணவர் இவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம். தேடியபின் அது மீனாக இல்லாமல் பிளாஸ்டிக் குடமாகவும் இருக்கலாம்.

பீமாயணாவின் தண்ணீர்ப் பகுதி மஹாடுக்கு வந்து சேர்கிறது. 1927-ல் பொதுக் குளத்தில் நீர் அள்ளும் உரிமைக்காக அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிய ஊர். அவர் பேசுகிறார். ஒலிபெருக்கிகள் பூவாளிகளாகி, கூட்டத்தின் மேல் நீர் தெளிக்கின்றன. தாகத்தில் மீனான சிறுவனுக்குச் சில பக்கங்கள் கழித்துத் தண்ணீர் கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு கட்டம்கூடத் தேவைப்படவில்லை.